பதினேழாவது கேள்வி

நாற்பது படிவம், இரண்டு பேனா,
மசேருவில் யாரோ ஹீட்டர் அருகில் உட்கார்ந்து
தட்டச்சு செய்த சந்தேகம் ஒன்று.
இவ்வளவுதான் நான் மலைக்குக் கொண்டுபோனது.

இணையம் பயன்படுத்தியதால் உன் மதிப்பெண்
அ) கூடியது ஆ) குறைந்தது இ) மாறவில்லை.
ஒன்றில் மட்டும் குறியிடவும்.

லெசோத்தோவின் மலைகளில் ஆகஸ்டிலும் பனி.
மொகொட்லாங் சாலையில்
மினிபஸ் சக்கரம் சுழன்றுகொண்டே நின்றது.
இறங்கித் தள்ளினோம்.
பக்கத்தில் ஒரு போதகர்
ஒரு கையில் கோழியோடு தள்ளினார்.

தெபோஹோ யோசிக்கவே இல்லை.
கூடியது என்று குறியிட்டுச் சிரித்தான்.
கட்டுரையில் எண்பது.
ஆசிரியை மாலினியோ தாளை எடுத்துக் காட்டினார்:
‘அதிகாலையில் எங்கள் ஊர் ரயில் நிலையம்
மிக அழகாக இருக்கும்.’
இந்த ஊருக்கு ரயில் வந்ததே இல்லை.
“பிழையே இல்லையே, என்ன செய்ய” என்றார்.
எத்தனை பெட்டி என்று அவனைக் கேட்டேன்.
பன்னிரண்டு என்றான்,
கண் இமைக்காமல்.

கடைசி பெஞ்சில் கொட்சோ. அவனிடம் போன் இல்லை.
வழிகாட்டிக் குறிப்பு சொல்கிறது:
பயன்படுத்தாதோருக்கு இக்கேள்வி பொருந்தாது.
வீட்டுப்பாடம் வருவது வாட்ஸ்அப்பில்.
பொருந்தாதாம்.

புசெலெட்சோ பேனாவை வாங்கினாள்,
நெடுநேரம் எதன்மேலும் வைக்கவில்லை.

கணக்கில் அவள் நாற்பத்தொன்று.
இப்போது அறுபத்துமூன்று.
நள்ளிரவு தாண்டினால் டேட்டா மலிவு.
பன்னிரண்டிலிருந்து ஐந்துவரை
அண்ணன் போனோடு கம்பளிக்குள் புகுந்து
பின்னம் பார்க்கிறாள்.
ஒரு கை.
முகமில்லாத, எந்த நாட்டுக் கை என்று தெரியாத கை,
கோடு கிழித்து
மேலும் கீழும் வெட்டிக்காட்டுகிறது.
புரியாவிட்டால் விரலால் பின்னுக்கு இழுக்கிறாள்.
ஆறு தடவை, ஏழு தடவை.
அந்தக் கை அலுத்துக்கொள்வதில்லை.
இதுகூடத் தெரியாதா என்று
பக்கத்து பெஞ்சைப் பார்ப்பதில்லை.

முதல் வகுப்பு வரலாறு, ஏழரை மணிக்கு.
அதில் ஐம்பத்தெட்டு எடுத்தவள்
இப்போது முப்பத்தாறு.
போர் தொடங்கும்போது கண் சொருகும்.
விழிக்கும்போது உடன்படிக்கை கையெழுத்தாகியிருக்கும்.
“நடுவில் யாரெல்லாம் செத்தார்கள் என்று
எனக்குத் தெரியாது” என்றாள்,
மன்னிப்புக் கேட்பதுபோல.

இருபத்திரண்டு ஏறி இருபத்திரண்டு இறங்கினால்
படிவத்தின் கணக்கில் பூஜ்யம்.
இ) மாறவில்லை.
குறியிட்டது நான்.
அவள் பேனாவைத் திருப்பித் தந்துவிட்டிருந்தாள்.

கிளம்பும்போது கேட்டாள்,
உங்கள் போன், பத்து நிமிடம்.
கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
பாடம் எதையோ தேடுகிறாள்,
பார்த்தால் கூசுவாள்.
வெளியே ஓர் ஆட்டு மந்தை பனியைக் கால்களால் கிளறி
அடியில் புல் இருக்கிறதா என்று பார்த்தது.
பத்து நிமிடம் ஆகவில்லை.
மூன்றே நிமிடம்.
நன்றி என்று நீட்டினாள்.

அறிக்கை முடிந்தது.
‘குறிப்பிடத்தக்க விளைவு எதுவும் காணப்படவில்லை.’
மேலாளருக்குப் பிடித்திருந்தது,
எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார்.

மசேருவில் இப்போது வெயில்.
பஸ் நேரமோ, ரொட்டி விலையோ,
தேடுபெட்டியில் நான் விரல் வைத்ததும்
கேட்காமலே முதலில் வந்து நிற்கிறது
அவள் தட்டிய வரி:

ஏழரை மணிக்குத் தூங்காமல் இருப்பது எப்படி