கைக்கிளை நீங்கலாக

கெமியில் பிப்ரவரி.
கார்களுக்கும் இரவில் மின்சாரம் ஊட்ட வேண்டிய குளிர்.
அடுக்குமாடிக்கு அடியில்,
என்றோ வரக்கூடிய போருக்காகக் கட்டிய பதுங்கறையில்
ஸ்கீ மட்டைகள், யாரோ மறந்த தொட்டில்,
வெள்ளரி ஊறும் ஜாடிகள்,
ஒரு டிரம் செட்.

ரௌனோ போய்விட்டான்.
கிதாரை விட்டுவிட்டு, வேனை எடுத்துக்கொண்டு,
நார்வேக்கு, ஒரு பல் மருத்துவரோடு.
சனிக்கிழமை துறைமுகத் தொழிலாளர் மன்றத்தில் கச்சேரி.
முன்பணம் வாங்கியாயிற்று.
செலவழித்தும் ஆயிற்று.

"ஏழு வருஷமா ஆம்ப் தூக்குற.
உள்ள என்ன இருக்குன்னு இப்பப் பாரு"
என்றாள் ஹென்ரீக்கா, பேஸ் வாசிப்பவள்.
அந்த வாரத்துக்கான பேச்சில் பாதி
அதிலேயே தீர்ந்துவிட்டது.

தெல்லெர்வோ பனி வாரும் வண்டி ஓட்டுபவள்.
விடிய விடிய ஸ்டீயரிங்கோடு நடுங்கிய கைகள்
வீடு வந்தும் கொஞ்ச நேரம் நடுங்கும்.
அந்தக் கையில் சுட்டுவிரல்
தடித்த கம்பியின் ஐந்தாம் கட்டில்.
மோதிரம் ஏறாத மோதிர விரல்
அடுத்த கம்பியின் ஏழாம் கட்டில்.
மிச்சக் கம்பிகளைச் சும்மா தொட்டுக்கொள்,
அழுத்தாதே, பேசவும் விடாதே.

முதல் சத்தம்
சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம்.
இரண்டாவதும் அதே கரண்டி.
யுர்க்கி டிரம்முக்குப் பின்னால்
ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டான்.

திங்கள் இரவு விரல் நுனியில் பள்ளங்கள்.
செவ்வாய் அந்தப் பள்ளங்களிலேயே மறுபடி கம்பி.
"நண்டு மாதிரி வச்சுக்க. நண்டு மாறாது.
எட்டுக்குப் போனாலும் மூணுக்கு வந்தாலும்
அதே நண்டு."
நகரும்போதெல்லாம் நண்டுக்கு ஒரு கால் உதிர்ந்தது.

புதன்கிழமை பெடலை மிதித்தாள்.
இரும்புக் கதவு அதிர்ந்தது.
ஜாடிக்குள் வெள்ளரிகள் லேசாகத் திரும்பிப் படுத்தன.
பதறிக் காலை எடுத்தவள், நிதானமாக மறுபடி மிதித்தாள்.

"இது சந்தோஷமா? சோகமா?"
"ரெண்டும் இல்ல. மூணாவது சுரம் இருந்தாத்தான் அது தெரியும்.
அதச் சேர்த்தா இந்தப் பெடல்ல சேறாயிடும்.
அதான் எடுத்துட்டாங்க."

இங்கே நான் குறுக்கிடுகிறேன்.
அந்த மூன்றாம் சுரத்துக்கு
என் மொழியில் பழைய பெயர் கைக்கிளை.
ஒருதலைக் காதலுக்கும் அதுவே பெயர்.
முதல் சுரம் குரல், ஐந்தாவது இளி.
நடுவில் இருந்ததை எடுத்துவிட்டால்
ஒரு குரல் மிஞ்சுகிறது,
பல்லைக் காட்டும் ஓர் இளிப்பும்.
தெல்லெர்வோவுக்கு இது தெரியாது.
ஏழு வருஷம் ஆம்ப் தூக்கியது எதற்கென்று
ஹென்ரீக்காவுக்குத் தெரியும்.
கேட்டதில்லை.

சனிக்கிழமை நாற்பத்தொரு பேர்.
அதில் பதினொருவர் யுர்க்கியின் உறவு.
மூன்றாம் பாட்டில் நண்டு ஒரு கட்டு முன்னதாகவே இறங்கிவிட்டது.
நாலில் அடித்து, கையை எடுக்காமல்
ஐந்துக்கு இழுத்தாள்.
பின்வரிசையிலிருந்து ஒருவன் ஊளையிட்டான்.
அடுத்த முறை அந்த இடம் வந்தபோது
வேண்டுமென்றே நாலில் அடித்தாள்.

"மோசமில்ல" என்றான் யுர்க்கி.
அந்த ஊரில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது.

வெளியே இருபத்தேழு பாகை உறைகுளிர்.
ஆம்ப்பைத் தூக்க இன்று வேறு ஆள் இல்லை,
அவளே தூக்கினாள்.
கையுறையைக் கழற்றும்போது சட்டைப்பையில் செல்பேசி சிணுங்கியது.
திரையில் ரௌனோவின் பெயர்,
கீழே பாதிச் செய்தி: கேள்விப்பட்டேன், நீ...

இடது சுட்டுவிரலை வைத்தாள்.
ரேகை பொருந்தவில்லை. மீண்டும் முயல்க.
வைத்தாள்.
ரேகை பொருந்தவில்லை.
நுனியில் தோல் தடித்து, வெளுத்து,
நடுவில் கம்பி போன தடம்.

கடவு எண் அவளுக்கு மனப்பாடம்தான்.

ஹென்ரீக்கா டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.
"சி எந்தக் கட்டு?" என்று கேட்டாள், சும்மா.
"எட்டு" என்றாள் தெல்லெர்வோ,
கையுறையை மாட்டிக்கொண்டே.