கணு

ஞாயிறு பதினோரு மணிக்குப்
பழையபேட்டைச் சந்துக்குள் வந்தாள் முனிரத்னா.
ஓசூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள்.
கைபேசியைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்து
இந்த மாதிரி மோதிரம், என்றாள்.

படத்தில் ஒரு கிழவரின் கை.
அமெரிக்காவில் நவஹோ என்றொரு ஜனமாம்.
மெருகு குறைந்த தடித்த வெள்ளி,
அதில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கல்.
நீலம் என்று சொன்னால் பச்சை கோபித்துக்கொள்ளும்.
மாமரத்துக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசினால்
மறுநாள் அடிமரத்தில் காய்ந்து நிற்குமே,
அந்த நிறம்.
குறுக்கே கறுப்பாய் நரம்புகள்.

எந்த விரலுக்கு?
இடக்கையை நீட்டினாள்.
மோதிர விரல் நடுக்கணுவுக்கு முன்பே முடிந்திருந்தது.

பிரஸ் மெஷின், என்றாள்
பஸ் நேரம் சொல்வதுபோல.
ஒன்பது வருஷம் கம்பெனிக்குள் மோதிரம் கூடாது,
வாசலிலேயே கையைத் திருப்பிப் பார்ப்பார்கள்.
"போடாத மோதிரம் தப்பிச்சிருச்சு. விரல் மாட்டிக்கிச்சு."
இப்போது பேக்கிங்கில் வேலை.
அங்கே என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

சின்னக் கல்லாக வைக்கட்டுமா என்று கேட்டேன்.
"எப்படியும் இதத்தான் பாக்கறாங்க.
பாக்கறதுக்கு ஏதாவது இருக்கட்டும்."

ஜெய்ப்பூரிலிருந்து கூரியரில் வந்த முதல் கல்லை
நகப்பூச்சு அழிக்கும் திரவம் தொட்டுத் துடைத்தேன்.
பஞ்சு நீலமானது, கல் வெளுத்தது.
திருப்பி அனுப்பினேன்.
இரண்டாவது கல்லுக்குப் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

அவள் தந்தது திருகு உடைந்த ஒரு ஜோடிக் கொலுசு.
பற்று அதிகம், தரம் குறைவு.
என் டப்பாவிலிருந்து பழைய ஜார்ஜ் ரூபாய் ஒன்றைச் சேர்த்தேன்.
வெங்காரம் தூவி ஊத
மன்னருக்கு முதலில் மூக்கு போயிற்று.
அந்த ஜனமும் ஆரம்பத்தில்
யாரோ அடித்த காசைத்தான் உருக்கினார்களாம்,
அவள் படித்திருக்கிறாள்.
மெத்தென்ற ஒரு கல்லைக் குடைந்து அதில் வார்ப்பார்களாம்.
இந்த ஊர்க் கல்லைக் குடைந்தால் உளிதான் தேயும்.
உடைந்த கல்சட்டித் துண்டு ஒன்று கிடந்தது.
மாக்கல், நகம் பட்டாலே மாவு உதிரும்.
அதில் பள்ளம் கீறி ஊற்றினேன்.

பட்டை வந்தது. வளைத்தேன். கல்லுக்கு வேலி கட்டினேன்.
மறு ஞாயிறு போட்டுப் பார்த்து
கையைத் தொங்கவிட்டாள்.
ணங்.
மோதிரம் ஸ்டூலுக்கு அடியில்.

முப்பது வருஷமாக மோதிரம் செய்கிறேன்.
அதைப் பிடித்து வைத்திருப்பது கணுதான் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

பட்டையை அகலமாக்கினேன். விழுந்தது.
உள்ளே சொரசொரப்பு வைத்தேன்.
தோல் சிவந்தது, அப்புறம் விழுந்தது.
பக்கத்து விரலுக்கும் ஒரு வளையம் போட்டு
இரண்டையும் இணைத்துவிடலாமா என்றேன்.
"அது என்ன பாவம் பண்ணுச்சு" என்றாள்.

கடைசியில் வட்டத்தைக் கைவிட்டேன்.
கீழே திறந்த பட்டை,
நுனிப்பக்கம் மயிரிழை குறுகல்,
விரலின் சதையை இரண்டு பக்கமும் கவ்வுகிற மாதிரி.
அளவுக்கம்பியில் இல்லாத அளவு.
அவள் விரலிலேயே வைத்து
மரச்சுத்தியலால் தட்டத் தட்ட
அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை உதறினாள்.
இன்னொரு தரம், துணி உதறுவதுபோல.
நின்றது.

மிச்ச வெள்ளி எவ்வளவு என்று கேட்டாள்.
இரண்டு கிராம் முந்நூறு மில்லி.
காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டு
அஞ்சே முக்கால் பஸ்ஸுக்குப் போனாள்.

பத்து நாள் கழித்து போன்.
கழன்று விழுகிறதா என்றேன்.
இல்லை.
இறுக்குகிறதா?
இல்லை.
ராத்திரியில் இல்லாத நகத்தடியில் அரிக்குமாம்.
எதைச் சொறிவது என்று தெரியாமல் எழுந்து உட்காருவாளாம்.
"இப்ப கல்லச் சொறிஞ்சா அடங்குது."

கல் கீறிவிடப் போகிறது, பார்த்து, என்றேன்.
நகம் வெட்டிட்டேன், என்றாள்.