நான்காம் கால்

டார்ட்டு நகரில் பிப்ரவரி.
ஆறு உறைந்து, அதன் மேல் யாரோ போன சைக்கிள் தடம்.
இருட்டறையில் ஹில்யே
பால்பவுடர் கரைசலில் ஊறிய சவ்வை
இடுக்கியால் தூக்குகிறாள்.
கீழ்க்கடையில் வாங்கியதுதான்,
பாக்கெட்டில் பசு சிரிக்கிறது.
வேண்டாத இடத்தில் எதுவும் ஒட்டாதிருக்க
பால் பூசுவது வழக்கம்.

தேடுவது ஒரு புரதத்தை.
செல்லைச் செல்லோடு கோக்கும் கை அது.
கால்சியம் இருந்தால் இறுகும்,
எடுத்துவிட்டால் நழுவும்.
தோல் தோலாக இருப்பதும்
குடல் குடலாக இருப்பதும்
இந்தப் பிடியால்.

தேடப் போவது எதிர்ப்பொருள்.
எங்கோ கூண்டில், எண்ணே பெயரான ஒரு முயல்
தன் ரத்தத்தில் செய்து தந்தது.
புரதத்தை முயல் பிடிக்கும்,
முயலை ஓர் ஆட்டின் எதிர்ப்பொருள் பிடிக்கும்,
ஆட்டின் வாலில் வெளிச்சம்,
வெளிச்சத்தைக் கேமரா பிடிக்கும்.

இன்று ஆறு குழிகள்.
ஐந்தில் வழக்கமான செல்கள்.
ஆறாவதில், மரபணுவை வெட்டி
அந்தப் புரதமே இல்லாமல் ஆக்கியவை.
நேற்று நுண்ணோக்கியில் பார்த்தாள்:
ஒட்டுமில்லை, உறவுமில்லை,
ரீயா தெருவில் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் போல
ஆளுக்கு இரண்டு மீட்டர் தள்ளி.

ஆறாவது இருட்டாக வேண்டும்.

எரிகிறது.
அதே உயரத்தில், அதே தடிமனில்,
வெட்கமே இல்லாமல்.

முதலில் கேமராவைச் சந்தேகித்தாள்.
பிறகு தன் கையை.
பிறகுதான் கவுப்போ நினைவுக்கு வந்தான்.

மூன்று வருடம், பதினோரு படம்,
ஹெல்சிங்கியில் எழுந்து நின்ற கைதட்டல்.
கட்டியை விட்டுக் கிளம்பும் செல்லிலும்
இந்தக் கை மிச்சமிருக்கிறது என்பது
அவன் கண்டது.
கண்டதெல்லாம் இந்த ஒரே குப்பியால்.

ஆறாவது வரிசையை வெட்டி
ஐந்தை மட்டும் ஒட்டி அனுப்பலாம்.
சுட்டி அந்த ஓரம் வரை போனது.
திரும்பி வந்தது.

"குழாயை மாற்றியிருப்பாய்" என்றான் கவுப்போ.
திங்கள் மறுபடி செய்தாள். எரிந்தது.
"பால் கெட்டிருக்கும்."
புதன் மறுபடி. எரிந்தது.
தமிழில் இதற்கொரு பழமொழி உண்டு,
இருவருக்கும் தெரியாது:
அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

வெள்ளிக்கிழமை அவனே செய்தான்.
யாரையும் உள்ளே விடவில்லை.
புதுப் பால்பவுடர், புதுக் கையுறை,
ஒவ்வொரு குழாயின் எண்ணையும் உரக்கப் படிக்கும் குரல்
கதவுக்கு வெளியே கேட்டது.
அப்புறம் கேட்கவில்லை.

ஹில்யே காபியோடு போனபோது
விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.
திரையில் ஆறு கோடுகள்.
குப்பியைக் குப்பையில் எறிவான் என்று நினைத்தாள்.
மூடியைத் துடைத்து, பழைய பெயரை அடித்து,
சின்ன எழுத்தில் எழுதினான்:
"எதையோ பிடிக்கிறது."

மறுபடி உறைபெட்டியில் வைத்தான்,
அதே இடத்தில்.
"எதை?" என்றாள் ஹில்யே.
அவன் காபியை வாங்கிக்கொண்டு
நாற்காலியை அவளுக்கும் சேர்த்து இழுத்தான்.