பதினேழாம் எண் மனை

(மெல்பர்ன், 1894)

ரயில் இலவசம். கூடாரத்தில் சாப்பாடும் இலவசம்.
அதை வெட்டி அடுக்கியவள் நான், எஸ்தர் டிரெவெனா.
பன்றித்தொடை, கடுகு, முந்நூறு பேருக்கு ரொட்டி.
ஷாம்பெய்னை மட்டும் ஏலக்காரரே திறப்பார்;
தக்கை தெறிக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும்
விலை ஒரு படி ஏறும்.

புல்வெளியெங்கும் முளைக்குச்சி, சிவப்புக் கொடி.
இங்கே பூங்கா, அங்கே தேவாலயம்,
வருகிற வருஷம் டிராம் என்பார்.
அவர் கை நீட்டிய திசையில் ஒரு பசு
எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

காலையில் வாங்கியவர் மதியம் விற்றார்.
மதியம் வாங்கியவர் மண்ணை மிதிக்கவே இல்லை.
பணம் யாருடையது?
ஸ்காட்லாந்தில் யாரோ ஒரு விதவையின் சேமிப்பு என்றார்கள்,
நூற்றுக்கு நான்கு வட்டிக்குக் கப்பலேறி வந்து
எட்டுக்குக் கைமாறுகிறது என்றார்கள்.
எனக்கும் கணக்குத் தெரியும்.
ஒரு தொடையில் எண்பது துண்டு வரும்,
மெல்லிசாகச் சீவினால் நூறு,
அதற்கும் மேலே சீவினால்
இறைச்சி வழியே கத்தி தெரியும்.

தெரிந்தும்,
இரண்டு வருஷக் கூலியைப் பதினேழாம் எண் மனைக்கு
முன்பணமாகக் கட்டினேன்.

கம்பளி விலை இறங்கியது.
அர்ஜென்டினாவில் எவரோ கடன் கட்டவில்லையாம்,
லண்டன் பயந்து
எங்கள் பக்கம் வந்த பையையும் சுருக்கிக்கொண்டது.
பிரன்ஸ்விக்கில் செங்கல் சூளைகள் அணைந்தன.
கூரை ஏறாத வீடுகளில் மழை குடியேறியது.
மே மாதம் ஒரு திங்கட்கிழமை
வங்கிகளுக்கு விடுமுறை என்றார்கள்;
எந்தப் பண்டிகை என்று
கதவில் ஒட்டிய தாளில் இல்லை.

அண்ணன் சைலஸ் மேற்கே தங்கம் தேடிப் போனான்.
அவன் போட்ட ஒரே கடிதத்தில்
தண்ணீர் என்ன விலை என்பது மட்டும் இருந்தது.
ஏலக்காரர்
பவுண்டுக்கு ஆறு பென்ஸ் கொடுத்துக் கடன் தீர்த்தாராம், ரகசியமாக.
ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில்தான் அமர்கிறார்.
குரல் நன்றாகவே இருக்கிறது.

போன வாரம் நடந்தே போனேன்,
இப்போது ரயிலுக்குக் காசு கேட்கிறார்கள்.
கொடிகள் வெளுத்திருந்தன.
என் குச்சியில் எண் இன்னும் அழியவில்லை,
பசு அதில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
அது தேய்த்து முடிக்கும்வரை காத்திருந்து
விறகுக்காகப் பிடுங்கினேன்.
ஒரு கெண்டிக்கு அது போதாது.
பதினாறையும் பதினெட்டையும் சேர்த்துப் பிடுங்கினேன்.
யாருடையவை என்று
பசுவும் கேட்கவில்லை.