சனிக்கிழமை இரவு

மேற்கை எலும்பின் முதுகில் ஒரு சிறு வாய்க்கால்.
அதில் சுற்றிக்கொண்டு இறங்குகிறது ஆரை நரம்பு,
தூணைப் பற்றிய கொடிபோல என்று
பாடப்புத்தகம் சொல்லாது; நான் சொல்லிக்கொள்வேன்.
அங்கே சதையின் காவல் குறைவு.
ஒரு நாற்காலி விளிம்பு போதும்.

ஓஸ்ட்ராவாவில் ஜனவரி, திங்கள் காலை.
டிராம் பணிமனை ஓல்ட்ரிஹ்
வலக்கையை இடக்கையால் தூக்கிக்கொண்டு வந்து
மேசைமேல் வைத்தார்,
வேறு யாரோ கொடுத்தனுப்பியதுபோல.
மணிக்கட்டை உயர்த்துங்கள் என்றேன்.
அவர் அதைப் பார்த்தார். அது தொங்கியது.
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, புறங்கையில்
ஊசிமுனை வைத்தேன். "இல்லை."
சுண்டுவிரலில். "உண்டு."

குடித்துவிட்டு நாற்காலியில் சரிந்தவர்களுக்கு வருவது.
எங்கள் வார்டில் அதற்குச் 'சனிக்கிழமை' என்றே பெயர்.
எத்தனை பாட்டில், என்று சிரித்தேன்.

"சனிக்கிழமைதான். ஆனால் தேநீர்.
இங்கேயே, மூன்றாவது மாடியில்,
லிபுஷேவின் கட்டிலருகே.
நாற்காலி முதுகின்மேல் கையைப் போட்டிருந்தேன்.
நர்ஸ் எழுப்பியபோது
அவள் போயிருந்தாள். கையும்தான்."

சுத்தியலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை எனக்கு.

நரம்பு அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது.
எட்டு வாரம், பத்து வாரம், எழும் என்றேன்.
மட்டை வைத்துக் கட்டினேன்.
"நாளை மறுநாள் அடக்கம்.
வருகிறவர்களுக்குக் கை கொடுக்க வேண்டுமே."
இடக்கையைக் கொடுங்கள்.
"அதில் தொப்பி இருக்கும்."

மார்ச்சில் வந்தார்.
மேசையிலிருந்து ஒரு விரற்கடை
எழுந்து நடுங்கியது மணிக்கட்டு.
நல்ல முன்னேற்றம், எழுதினேன்.
"இவ்வளவு சீக்கிரம் வந்திருக்க வேண்டாம்" என்றார்,
அந்தக் கையாலேயே
கோட்டுப் பொத்தானைத் தேடியபடி.