நாங்க உள்ள வரல

முதலில் குரைப்பு இல்லை.
வேட்டை நாய் ஓடும்போது குரைக்காது என்பதே
அன்றிரவுதான் எனக்குத் தெரியும்.
பிஞ்சு வைத்த உளுந்துக்குள் ஒரு சரசரப்பு,
யாரோ அவசரத்தில் பட்டுப்புடவை மடிப்பதுபோல.
பிறகு மூச்சு.
ஒன்றல்ல, நாலு மூச்சு.

மாசிப் பனி. நிலா இல்லை.
மும்முனைக் கரண்ட் பதினொன்றுக்கு மேல் வரும் என்றார்கள்.
ஒரு தண்ணி காட்டினால் காய் திரண்டுவிடும் என்று
மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன்.
அவர் இடுப்பெலும்புக்கு
சிங்கப்பூர்க் கம்பெனி போட்ட விலை
இந்த மூன்று மா.
மன்னார்குடியில் பத்திரம் பதிந்த மறுவாரமே
சுற்றிலும் கல் ஊன்றி முள்கம்பி இழுத்தோம்.
வாய்க்கால் பக்கம் ஒரு போர்டும் உண்டு:
'அன்னியர் உள்ளே நுழையக் கூடாது. மீறினால்'
அதோடு தகரம் தீர்ந்துவிட்டது.

காலில் ஏதோ மோதியது.
சூடாக, ஒரு கைப்பிடி பஞ்சுக்குள் இதயத்தை வைத்ததுபோல.
யூரியா சாக்குக்குப் பின்னால் போய் ஒடுங்கிற்று.
டார்ச்சைத் திருப்புவதற்குள்
வாசலில் நாலும் நின்றன.
முதுகோடு ஒட்டிய வயிறு.
விளக்கில் பச்சையாய் எரிந்த எட்டுக் கண்.
அத்துமீறி வந்தவள் நான்தான் என்பதுபோல்
என்னைப் பார்த்தன.

கம்பிக்கு அப்பால் தலைவிளக்குகள்.
"புல்லட்! ஏய் செவலை! வா இங்க!"
நான் கத்தினேன்:
யார்ரா அது, யார் கொல்லைன்னு நெனச்சே?
"நாங்க உள்ள வரலக்கா.
நாய்தான் வந்துச்சு."

உண்மைதான்.
ஒருவன் கட்டைவிரல்கூட
எல்லைக்கல்லைத் தாண்டவில்லை.
முன்னால் நின்றவன் வீரையன்.
இந்தக் கல்லுக்கெல்லாம் குழி வெட்டியவன்.
என் நிலம் எங்கே முடிகிறதென்று
என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்,
விரற்கடை சுத்தமாக.

"மொயல் வந்துச்சாக்கா?"
வரல, என்றேன்.
சாக்கு லேசாக அசைந்தது.
செவலை அதைப் பார்த்தது, என்னைப் பார்த்தது,
காதை ஒருமுறை மடக்கி நிமிர்த்தியது.
எத்தனையோ பேரிடம் பொய் சொல்லியிருக்கிறேன்,
தாலுகா ஆபீசில், நகைக்கடன் கவுண்டரில்.
தெரிந்தும் சும்மா நின்றது
அந்த நாய் ஒன்றுதான்.

அதன் தொடை கிழிந்திருந்தது, நுழையும்போது.
உளுந்து இலைமேல் ரத்தம்
டார்ச்சுக்குக் கறுப்பாய்த் தெரிந்தது.
வலித்திருக்க வேண்டும். முனகவில்லை.
பிடரியைப் பிடித்துக் கம்பிவரை கூட்டிப் போனேன்;
கடித்தால் கடிக்கட்டும் என்று.
கீழ்க்கம்பியை நான் மிதித்துக்கொண்டேன்,
மேல்கம்பியை அந்தப் பக்கமிருந்து வீரையன் தூக்கினான்.
நடுவில் ஒரு நாய் போகுமளவு இடம்.
ஒவ்வொன்றாய்ப் போயின.
அவனும் நானும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.
கம்பி திரும்ப விறைத்து ஒருமுறை அதிர்ந்தது.

கரண்ட் வந்தது பன்னிரண்டே காலுக்கு.

விடிந்து பார்த்தால்
வயலுக்குக் குறுக்கே ஒரு பாதை
வகிடு கோணலாய் எடுத்த தலை மாதிரி.
கால் மூட்டை உளுந்து போயிருக்கும்.
கொட்டகைக்கு அருகே ஒரு பத்துச் செடி
கத்தரியால் நறுக்கியதுபோல் தின்னப்பட்டிருந்தது.
அது நாய் வேலையில்லை.
சாக்குக்குப் பின்னால்
மிளகு மிளகாய்ப் புழுக்கை, இன்னும் ஈரத்தோடு.

படுக்கையிலிருந்து அவர் போன் பண்ணினார்.
பாரஸ்ட்டுக்குச் சொல்லு, ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடு,
விடாதே என்றார்.
யார் மேல என்றேன்.
கொஞ்சநேரம் பேசாமலிருந்து
போர்டையாவது முழுசா எழுதச் சொல்லு என்றார்.

பெயின்டர் வந்தான், மத்தியானம், புதுத் தகரத்தோடு.
தூரிகையை நனைத்துக்கொண்டு நின்றான்.
"மீறினா என்னன்னு எழுதட்டும்க்கா?"

உளுந்து பிடுங்கி முடியட்டும்,
சொல்றேன் என்றேன்.