முதுகுப் பக்கம்

படத்தை எல்லோரும் முன்னால் நின்று பார்ப்பார்கள்.
எனக்குச் சம்பளம் முதுகைப் பார்க்க.

லாடோ சராய், இரண்டாவது மாடி, டிசம்பர்.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகியும்
டெல்லிப் புகை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.
பதினேழு பெட்டிகள்.
துலாரே ஆணி பிடுங்கப் பிடுங்க
நான் படிவம் நிரப்புகிறேன்:
கிழிசல், கறை, பூஞ்சை, சுருக்கம்.

ஆஸ்திரேலியப் பாலைவனத்து ஆதிக்குடிப் பெண்ணாம்,
நாற்பது வருட வேலையாம்.
கேட்லாக்கில் ஆறு பக்கம் புகழ்ந்திருந்தார்கள்.
நான் படிக்கவில்லை.

எண்பத்துநாலு: துணிகூட இல்லை, பலகை.
பின்னால் பென்சிலில்
'பெண், 7'.
அவ்வளவுதான்.
எண்பத்தொன்பதில் பெயர் வந்துவிடுகிறது,
ஓர் எழுத்து தப்பாக.
விலையை மூன்று முறை அடித்து எழுதியிருக்கிறார்கள்,
மூன்றும் வேறு வேறு மை, வேறு வேறு கை,
எதுவும் அவள் கை இல்லை.
தொண்ணூற்றாறின் மூலையில் ஒரு வண்டி எண்.
விசாரித்தேன்.
அந்தப் படத்துக்குக் கூலியாக வந்த
பழைய டொயோட்டா.
இரண்டாயிரத்து மூன்றில் ஏலக் கம்பெனியின் தங்கச் சீட்டு,
அதன்மேல் இன்னொரு ஏலக் கம்பெனியின் சீட்டு.
பிறகு ஏழு வருடம் ஒன்றுமில்லை.
'மகன்' என்றாள் கேலரிக்காரி,
அதற்குமேல் அவளுக்கும் தெரியவில்லை.
பிறகுதான் கரித்துண்டால், பெரிதாக, கோணலாக,
அவளே எழுதியது:
மேய்ஸி.

சரக்குப் பிரிவில் சுங்க அதிகாரி கேட்டிருந்தார்:
ஓவியமா, கைவினையா? வரி வேறம்மா.
புள்ளி புள்ளியா பெட்ஷீட் மாதிரி இருக்கே.
ஒன்றேகால் மணி நேரம்.
ஓவியம் என்றே முத்திரை வாங்கினேன்.

மேய்ஸி வந்தார், சக்கர நாற்காலியில்,
ஊதாக் கம்பளித் தொப்பியும் ரப்பர் செருப்புமாக.
திங்கள், புதன், வெள்ளி சாகேத்தில் டயாலிசிஸ்.
அமைச்சருக்காக ஒத்திப்போடாத திறப்பு விழா
சிறுநீரகத்துக்காக வியாழனுக்குப் போனது.

புள்ளி வைத்தால் அது நம்ம கோலம்தானே,
கேட்டுச் சொல்லுங்கள் என்றார் ஒரு தமிழ் நிருபர்.
கழிவறை எங்கே என்று கேட்கிறார் என்றேன் மேய்ஸியிடம்.
மேய்ஸி கையை நீட்டிக் காட்டினார்.
நிருபர் குறித்துக்கொண்டார்.

படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி: மேல்புறம் எது?
பதினோராம் படத்தின் முதுகில்
நாலு அம்புக்குறிகள், நாலு திசைக்கு,
நாலு மியூசியம் போட்டவை.
அவரையே கேட்டேன்.
சிரித்ததில் இருமல் வந்தது.
துணியைத் தரையில் விரித்து
நடுவில் உட்கார்ந்துதான் வரைந்தேன், பெண்ணே.
எனக்கு நாலு பக்கமும் வெளியேதான்.

அப்போதுதான் என் படிவத்தை மறுபடி பார்த்தேன்.
என் கையெழுத்தில், போன வாரம்:
'நடுவில் வட்டமாகச் சுருக்கம், நிறம் மங்கல்.
காரணம் தெரியவில்லை.'
அடித்துவிட்டு எழுதினேன்: உட்கார்ந்திருந்தார்.
இன்ஷூரன்ஸ்காரன் போன் செய்தான்,
யார் உட்கார்ந்தது, எந்த ஊழியர்,
இழப்பீடு கோரப் போகிறீர்களா என்று.

துலாரே ஏணியில் நின்றபடி,
எப்படி மாட்டட்டும், கை வலிக்கிறது என்றான்.
மேய்ஸி சுவரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.
அவனுக்கு எப்படிச் சுலபமோ அப்படி, என்றார்.

வெள்ளிக்கிழமை சாகேத் ஆஸ்பத்திரி.
ஒரு கையில் குழாய்கள்,
இயந்திரம் அவர் ரத்தத்தை வெளியே எடுத்துப்
பார்த்துப் பார்த்துத் திருப்பித் தந்துகொண்டிருந்தது.
நான் படிவங்களை நீட்டினேன்,
கீழே, இந்தக் கோட்டின்மேல் என்று.
மேய்ஸி மற்றக் கையால்
ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு
முதுகில் கையெழுத்திட்டார்.
பெரிதாக, கோணலாக, பதினேழு முறை.

அலுவலகத்தில் ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் வைத்தார்கள்,
முன்பக்கம் மட்டும்.